40 வளைவும் டிரம் பிரேக்கும்: கோவை – வால்பாறை ரெண்டு நாள் ட்ரிப்புக்கு வண்டியைத் தயார் பண்றது

மார்க்2_பீளமேடு

நம்ம பழைய கார் கிளப்போட சனி, ஞாயிறு ட்ரிப்புக்கு 11 வண்டி உறுதியாயிருச்சுங்க. அம்பாசடர் 4, ஃபியட் 3, ஸ்டாண்டர்டு ஹெரால்டு 2, மோரிஸ் மைனர் 1, மோரிஸ் 8 ஒண்ணு.

வழி: கோவையில இருந்து பொள்ளாச்சிக்கு நாலு வழிச்சாலையில போக வேண்டாம். 40 மைல் வேகத்துல போற வண்டிக்குப் பின்னால லாரி வந்து ஹாரன் அடிச்சுட்டே இருக்கும், ஓட்டறவங்களுக்கும் நிம்மதி இருக்காது. செட்டிபாளையம், வடசித்தூர், நெகமம் வழியா உள்ரோட்டுலயே பொள்ளாச்சி போயிடலாம். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ரோடு சமதளம், இன்ஜின் சூடாகி நிதானத்துக்கு வர்றதுக்கு நல்ல தூரம். பொள்ளாச்சியில டிபன், பெட்ரோல். அப்புறம் ஆழியாறு. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. பொள்ளாச்சியில இருந்து வால்பாறை 64 கிமீ, அதுல கடைசி 40 கிமீதான் மலை.

காலை 6 மணிக்குக் கிளம்பினா 10 மணிக்கு ஆழியாறு, 1 மணிக்கு வால்பாறைன்னு போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில சோலையாறு அணை வரைக்கும் ஒரு சின்ன ஓட்டம், மதியம் சாப்பிட்டு இறங்கறது.

அவங்கவங்க வண்டிக்கு என்னென்ன பார்க்கணும்னு இங்கேயே பேசி முடிச்சுக்கலாம். முதல் தடவை மலை ஏத்தறவங்க மூணு பேர் இருக்காங்க, அதனால தெரிஞ்சதுன்னு விட்டுடாம விளக்கமா எழுதுங்க.

மைனர்1000

நேரத்தை மாத்தணும்ங்க. 10 மணிக்கு ஆழியாறுன்னா வெயில் ஏறிடும், டூரிஸ்ட் கூட்டமும் சேர்ந்துக்கும். 5 மணிக்குக் கிளம்பினா 8 மணிக்கெல்லாம் முதல் வளைவுல இருக்கலாம். காத்து குளிர்ச்சியா இருந்தா ரேடியேட்டருக்கும் பெட்ரோல் லைனுக்கும் பாதிப் பிரச்சனை தானா போயிடும்.

இன்னொண்ணு, இறங்கறதை மதியம் வெச்சுக்கக் கூடாது. சாயங்காலம் கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கிடும், இருட்டினா யானை நடமாட்டம். யானை நிக்கற இடத்தைத் தெரியப்படுத்தச் சில இடத்துல சிவப்பு விளக்கு வெச்சிருக்காங்க. அது எரிஞ்சா மேல போகாம நின்னுக்கணும். மங்கலான 45 வாட் ஹெட்லைட்டை வெச்சுட்டு அந்த ரோட்டுல இருட்டுல இருக்கவே கூடாது.

சிங்கை_ட்யூனர்

மைனர் அண்ணா சொல்றது சரி. எல்லாரும் ஏறறதைப் பத்தித்தான் கவலைப்படறாங்க. ஏறும்போது வண்டி சூடானா ஓரமா நிறுத்திக்கலாம். இறங்கும்போது பிரேக் போச்சுன்னா நிறுத்த வழியே கிடையாது. அதனால பிரேக்ல இருந்து ஆரம்பிக்கறேன்.

நம்ம லிஸ்ட்ல இருக்கற வண்டி பூராவும் நாலு வீலும் டிரம். பெரும்பாலும் ஒரே சர்க்யூட். அதாவது ஒரு வீல் சிலிண்டர்ல வாஷர் கிழிஞ்சு ஆயில் போனா நாலு வீலுக்கும் பிரேக் போயிடும். மிச்சம் ஹேண்ட் பிரேக்கும் கியரும்தான். இதை மனசுல வெச்சுட்டு கீழே இருக்கறதைச் செய்யுங்க.

நாலு டிரம்மையும் கழட்டுங்க. "போன வருஷம் பார்த்தோம்" கணக்குல வராது. லைனிங் ஆணி அடிச்சதா இருந்தா ஆணித் தலைக்கு மேல 1.5 மிமீயாவது இருக்கணும். வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவரால மெல்லத் தூக்கிப் பாருங்க. உள்ள ஈரம் தெரிஞ்சா வாஷர் மாத்தியே ஆகணும், சொட்டற வரைக்கும் காத்திருக்காதீங்க. அம்பாசடர்ல பின்பக்கம் ஆக்ஸில் ஆயில் சீல் கசிஞ்சு கிரவுன் ஆயில் (பின் ஆக்ஸில்ல இருக்கற கியர் ஆயில்) லைனிங்ல இறங்கறது சகஜம். ஆயில் குடிச்ச லைனிங்கைப் பெட்ரோல்ல கழுவி உப்புத்தாள் போட்டுப் பூட்டற பழக்கம் இருக்கு. சமவெளியில அது ஓடும். மலையில டிரம் சூடானதும் லைனிங் உள்ள ஊறின ஆயில் மேல வந்துடும், அந்த ஒரு வீல் மட்டும் பிடிக்காம வண்டி ஒரு பக்கமா இழுக்கும். சீலை மாத்திட்டு லைனிங்கையும் மாத்துங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து.

பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிருந்தா மொத்தமா மாத்தணும். அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரியில கொதிக்கும், ஈரம் ஏறினதுக்கு அப்புறம் 140. டாட் 4 எடுத்தா 230, 155. கொதிச்சா பைப்புல ஆவி நிக்கும், பெடல் தரை வரைக்கும் போகும், பிரேக் இருக்காது. அரை லிட்டர் வாங்கினா ஒரு வண்டிக்குப் போதும். மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்கற வீல்ல ஆரம்பிச்சு கிட்டத்துல இருக்கறதுல முடிச்சு ஏர் எடுங்க. நிறம் தெளிவா வர்ற வரைக்கும் விடாதீங்க.

அட்ஜஸ்ட்மெண்ட்: வீல் பூட்டற வரைக்கும் இறுக்கி, கையால சுத்தினா லேசா உரசற அளவுக்குத் தளர்த்துங்க. முன்பக்கம் ரெண்டு அட்ஜஸ்டர் இருக்கற வண்டியில ரெண்டையும் தனித்தனியாப் பார்க்கணும். முடிச்சதும் பெடலை நாலு தடவை அழுத்தி ஷூவை நடுவுல உட்கார வெச்சு, மறுபடி சுத்திப் பாருங்க. பாதிப் பேரு விடறது இந்தக் கடைசிப் படியைத்தான்.

புதுசு_உடுமலை

அண்ணா, என்னுது 1970 ஃபியட். இறங்கும்போது எந்த கியர்? செகண்ட் போதுமா?

சிங்கை_ட்யூனர்

ஏறின கியர்லயே இறங்கணும்ங்க. ஃபியட்டுக்கு அந்த ரோட்டுல பெரும்பாலும் செகண்ட், நேரா இருக்கற பகுதியில தேர்டு. வளைவுக்கு முன்னாடியே கியரைப் போட்டுடணும், வளைவுக்குள்ள போய்த் தேடக் கூடாது.

பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே வராதீங்க. அப்படி வந்தா டிரம் ஆறறதுக்கு நேரமே கிடைக்காது. இன்ஜின் பிடிச்சுக்கட்டும், வேகம் ஏறினா அழுத்தமா ஒரு தடவை மிதிச்சுக் குறைச்சு, முழுசா காலை எடுத்துடுங்க. பெடல் வழக்கத்தை விடக் கீழ போகுதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். சூட்டுல டிரம் விரிஞ்சு ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி கூடியிருக்கும், இல்லைன்னா ஆயில் கொதிச்சிருக்கும். ரெண்டு தடவை பம்ப் பண்ணினா பெடல் கெட்டியா மேல வந்துச்சுன்னா முதல் காரணம். பஞ்சு மாதிரி இருந்துச்சுன்னா ரெண்டாவது. எதுவா இருந்தாலும் அடுத்த அகலமான இடத்துல நிறுத்தி 20 நிமிஷம் விடுங்க.

சூடா இருக்கற டிரம்ல தண்ணி ஊத்தாதீங்க, வார்ப்பிரும்பு வெடிக்கும். நிறுத்தும்போது கியர்ல போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைங்க. சூட்டுல ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனா, டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூ கெட்டியாப் பிடிச்சுக்கும், அப்புறம் விடுவிக்கறது பாடு.

பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டிட்டு வர்ற பழக்கம் இருந்தா இந்த ட்ரிப்புல சுத்தமா கூடாதுங்க. எங்க நியூட்ரல்ல இறங்கற வண்டியைப் பார்த்தாலும் கடைசி வண்டிக்காரர் நிறுத்திடுவார்.

மார்க்2_பீளமேடு

இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ரொம்ப தூரம் ஆக்ஸிலேட்டர் விட்டு இறங்கிட்டு, மறுபடி மிதிச்சா சைலன்சர்ல நீலப் புகை ஒரு கொத்து வரும். பழைய இன்ஜின்ல வால்வு கைடு தேஞ்சிருந்தா, த்ராட்டில் மூடியிருக்கும்போது உண்டாகற வெற்றிடம் டாப்பெட் பக்கத்து ஆயிலை இழுத்துக்கும். ரெண்டு வளைவுல நின்னுடும். அதைப் பார்த்துப் பயந்து நடு ரோட்டுல நிறுத்திடாதீங்க.

புதுசு_உடுமலை

ஏறும்போது கொண்டை ஊசியில செகண்ட் திணறுது, ஃபர்ஸ்ட் போட்டா கரகரன்னு சத்தம். கியர்பாக்ஸ் போச்சா?

மைனர்1000

கியர்பாக்ஸ் நல்லா இருக்குங்க. ஃபியட் 1100, அம்பாசடர், மைனர், ஹெரால்டு, எதுலயும் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ (பல்லோட வேகத்தைத் தானா ஒண்ணாக்கற அமைப்பு) கிடையாது. வண்டி ஓடும்போது ஃபர்ஸ்ட் போடணும்னா டபுள் கிளட்ச்தான்.

கிளட்ச்சை மிதிச்சு செகண்ட்ல இருந்து நியூட்ரலுக்கு எடுங்க. கிளட்ச்சை விடுங்க. ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை சட்டுனு தட்டுங்க, இன்ஜின் சத்தம் எழும்பும். அந்த சத்தம் இறங்கறதுக்குள்ள மறுபடி கிளட்ச் மிதிச்சு ஃபர்ஸ்ட் போடுங்க. நடை வேகத்துக்கு வந்ததும் செஞ்சா பல்லு உரசாம உள்ள போகும். வேகம் அதிகமா இருந்தா எவ்வளவு தட்டினாலும் போகாது. காலியா இருக்கற மைதானத்துல 20 தடவை பழகிட்டு வாங்க, மலையில போய்ப் பழகற விஷயம் இல்லை இது.

ஃபியட்டுக்கு இன்னொரு வேலை இருக்கு. ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற கியர் லிவரோட ராடுல கீழே இருக்கற புஷ் தேஞ்சா ரெண்டு லிவரும் குறுக்க மாட்டி கியர் பூட்டிக்கும். மலையில அடிக்கடி ஃபர்ஸ்ட், செகண்ட் மாத்தும்போதுதான் இது வரும். புஷ் விலை ரொம்பக் குறைவு, மாத்திட்டு வாங்க. மாட்டிக்கிச்சுன்னா பானட்டைத் திறந்து ஸ்டியரிங் காலம் அடியில இருக்கற ரெண்டு லிவரையும் கையால நேருக்கு நேரா கொண்டு வந்தா விட்டுடும்.

பத்மினி_பொள்ளாச்சி

ஏர் லாக் (பெட்ரோல் பைப்புல ஆவி அடைச்சுக்கறது) பத்தி யாரும் பேசலையேங்க. ஏறும்போது வண்டி நிக்கறதுல பாதி அதுதான். பெட்ரோல் பைப்புல மரக் கிளிப் மாட்டினா சரியாகும்னு பல பேர் சொல்றாங்க. துணி காயப்போடற கிளிப். பத்துப் பன்னெண்டு மாட்டலாமா?

சிங்கை_ட்யூனர்

மாட்டறதுல நஷ்டம் இல்லை, லாபமும் இல்லைங்க. மரம் சூட்டைக் கடத்தாது, பைப்பு சூட்டை வெளிய இழுக்கவும் அதால முடியாது. காரணம் எங்கன்னு பார்த்து அங்க சரி பண்ணணும்.

ஏ.சி. பம்ப், அதாவது பெட்ரோல் பம்ப், இன்ஜின் பக்கவாட்டுல இருக்கு, டேங்க் பின்னால இருக்கு. டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் பெட்ரோலை உறிஞ்சித்தான் இழுக்குது. உறிஞ்சற பக்கம் அழுத்தம் குறைவு, அதனால அங்க பெட்ரோல் குறைஞ்ச சூட்டுலயே ஆவியாகும். ஆவியைப் பம்ப் தள்ளாது. மெதுவா ஏறும்போது பானட்டுக்குள்ள காத்து ஓட்டம் இல்லாம சூடு தேங்கும், மேல போகப் போக காத்தழுத்தமும் குறையும். ரெண்டும் சேர்ந்துக்குது. இப்போ பங்க்ல கிடைக்கற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இதை இன்னும் கூட்டுது.

செய்ய வேண்டியது: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அலுமினியத் தகடு, ரெண்டுக்கும் ஒட்டாம. மேனிஃபோல்டு பக்கத்துல போற பைப்பை வளைச்சுத் தள்ளி வைங்க, முடியலைன்னா சூடு தாங்கற உறை போடுங்க. டேங்க் பக்கத்துல சின்ன எலக்ட்ரிக் பம்ப் வைக்கலாம், ஆனா அழுத்தம் 2 முதல் 3 பிஎஸ்ஐக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா சோலக்ஸ் கார்புரேட்டர்ல நீடில் வால்வ் மூடாது, பெட்ரோல் வழிஞ்சு சூடான மேனிஃபோல்டுல விழும். தீ பிடிக்க வேற காரணமே வேண்டாம். எலக்ட்ரிக் பம்புக்குத் தனி ஸ்விட்ச் வெச்சு, தேவைப்படும்போது மட்டும் போடுங்க.

நின்னுட்டா? பானட்டைத் திறந்து, ஈரத்துணியைப் பம்ப் மேல போட்டுப் பத்து நிமிஷம். அவ்வளவுதான். செல்ஃப் அடிச்சே பேட்டரியைத் தீர்த்துடாதீங்க.

ஹெரால்டு948

ஆனா சூட்டுல நிக்கற எல்லா வண்டியும் ஏர் லாக் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கற கண்டன்சர் போனாலும் இதே மாதிரிதான்: குளிர்ச்சியில நல்லா ஓடும், சூடானதும் வெடிச்சு வெடிச்சு நிக்கும், அரை மணி நேரம் ஆறவிட்டா மறுபடி ஓடும். ஈரத்துணி போட்டவர் அது துணியால சரியாச்சுன்னு நினைச்சுப்பார், அடுத்த வளைவுல மறுபடி நிக்கும்.

பிரிச்சுப் பார்க்க ரெண்டு நிமிஷம் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோட நடு ஒயரை உருவி, நுனியை இன்ஜின் பிளாக்குல இருந்து 5, 6 மிமீ தள்ளிப் பிடிங்க. இன்சுலேஷன் இருக்கற இடுக்கியால பிடிக்கணும், பக்கத்துல பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். டப் டப்னு நீலப் பொறி தாவினா கரண்ட் பக்கம் நல்லா இருக்கு, பெட்ரோலைப் பாருங்க. பொறி மஞ்சளா மெலிஞ்சு வந்தாலோ வராமலே போனாலோ மூடியைக் கழட்டி பாயிண்டைத் திறந்து மூடிப் பாருங்க. பாயிண்ட் நடுவுல பெரிசா நீலப் பொறி அடிச்சா கண்டன்சர் முடிஞ்சது. புதுசு மாட்டுங்க. இப்போ வர்ற கண்டன்சர்ல சிலது பெட்டியில இருந்து எடுக்கும்போதே மோசமா இருக்கு, அதனால ஓட்டிப் பார்த்து நல்லதுன்னு தெரிஞ்ச ஒண்ணைக் கழட்டி ஸ்பேரா வெச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

பாயிண்ட் கேப் அம்பாசடருக்கும் மைனருக்கும் 15 தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), பிளக் 25 தௌ. டாப்பெட் (வால்வு இடைவெளி) அம்பாசடருக்கு 15, மைனருக்கு 12, ஹெரால்டுக்கு 10. ஃபயரிங் ஆர்டர் நம்ம ஃபியட், அம்பாசடர், மைனர், ஹெரால்டு நாலுக்கும் 1-3-4-2தான். யாராவது பதட்டத்துல பிளக் ஒயரை மொத்தமா கழட்டிட்டாலும் பக்கத்து வண்டியைப் பார்த்து மாட்டிக்கலாம், ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு மட்டும் பார்த்துக்கங்க.

பத்மினி_பொள்ளாச்சி

நல்லதுங்க. எத்தனால் பெட்ரோலுக்கு கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வர்ற சின்னத் துளை) மாத்தணுமா?

சிங்கை_ட்யூனர்

20 சதவீத எத்தனாலுக்குக் கிட்டத்தட்ட 7, 8 சதவீதம் பெட்ரோல் கூட வேணும். அதனால சமவெளியில கொஞ்சம் லீனா (பெட்ரோல் குறைவா) ஓடும். வால்பாறை 1,000 மீட்டருக்கு மேல. அங்க காத்து அடர்த்தி பத்து சதவீதம் வரைக்கும் குறையும், கலவை ரிச் பக்கம் (பெட்ரோல் அதிகமா) நகரும். ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டிக்கும். இந்த ட்ரிப்புக்காக ஜெட்டைத் தொட வேண்டாம். மேல போனதும் ஐடில் மட்டும் தடுமாறினா மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுத்து திருப்பிக்கங்க, இறங்கினதும் பழைய இடத்துக்கே கொண்டு வந்துடுங்க. பவரும் பத்து சதவீதம் குறையும், அது எல்லா வண்டிக்கும் உள்ளது, ரிப்பேர் இல்லை.

எத்தனால் செய்யற நிஜமான கேடு ரப்பர்ல. பழைய பெட்ரோல் ஹோஸ் உள்பக்கமா ஊறிப்போய்ச் செதில் செதிலா உரியும். ஏ.சி. பம்போட டயஃப்ரம் விறைச்சுப்போய் வெடிக்கும். டயஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் இன்ஜின் அடியில ஆயில் நிக்கற சம்புக்குள்ள இறங்கி இன்ஜின் ஆயிலைத் தண்ணியாக்கிடும். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை வந்தாலோ லெவல் ஏறியிருந்தாலோ ஓட்டவே கூடாது. ஹோஸை மாத்தும்போது எத்தனால் தாங்கற விட்டான் ரப்பர் உள்ளுறை இருக்கறதாக் கேட்டு வாங்குங்க. சேர்த்து வெச்ச பெட்ரோல்லயும் ஓட்டாதீங்க, எத்தனால் ஈரத்தை இழுத்துப் பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும். கிளம்பறதுக்கு முன்னாடி பழசை வடிச்சுட்டுப் புதுசு போடுங்க.

கருமத்தம்பட்டி_8

மோரிஸ் 8 எங்கிட்டங்க. 918 சிசி, சைடு வால்வு, மூணே கியர். இதை இந்த ரோட்டுல ஏத்தறது நியாயமான்னு நீங்களே சொல்லுங்க. தண்ணி விஷயம்தான் பயமா இருக்கு.

மைனர்1000

தாராளமா ஏத்தலாம்ங்க, ரெண்டு பேருக்கு மேல ஏறாம இருந்தா. மூட்டை, ஸ்பேர் எல்லாத்தையும் வேற வண்டியில போட்டுடுங்க. 1934லயே ஹைட்ராலிக் பிரேக்கோட வந்த வண்டி அது, இறக்கத்துல மத்த வண்டிகளுக்குச் சொன்னதெல்லாம் அதுக்கும் அப்படியே பொருந்தும். முன்னால உங்க வண்டி போகட்டும், உங்க வேகம்தான் மொத்த அணிக்கும் வேகம். பின்னால விட்டா மத்தவங்களைப் பிடிக்கணும்னு நீங்க விரட்டுவீங்க, அங்கதான் சூடாகும்.

தண்ணி: பம்ப் இல்லாம சூட்டுலயே தண்ணி சுத்தற பழைய வண்டியா இருந்தா, ரேடியேட்டர்ல லெவல் மேல் ஹோஸ் வாய்க்குக் கீழ இறங்கவே கூடாது. இறங்கினா சுத்து அறுந்துபோகும், தண்ணி இருக்கும்போதே இன்ஜின் கொதிக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் பாருங்க.

பொதுவா எல்லாருக்கும்: வால்பாறை உயரத்துல தண்ணி 96, 97 டிகிரியிலேயே கொதிச்சுடும். 7 பிஎஸ்ஐ ரேடியேட்டர் மூடி நல்லா இருந்தா அது 108 வரைக்கும் தள்ளிப்போகும். மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா அந்த 11 டிகிரியும் கைவிட்டுப் போச்சு. பெரிய வேலை எல்லாம் செஞ்சுட்டு மூடியை மறந்துடறாங்க. ஃபேன் பெல்ட்டை நடுவுல அழுத்தினா 12 மிமீ இறங்கினா சரி.

சூடான இன்ஜினை உடனே அணைக்காதீங்க, ஐடில்ல ரெண்டு நிமிஷம் ஓடட்டும். மூடியைத் திறக்கக் கூடாது. கால் மணி நேரம் கழிச்சு, சாக்கு போட்டுப் பிடிச்சு, முதல் சுத்துல நிறுத்தி ஆவியை விட்டுட்டுத் திறங்க. தண்ணியை இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. கொதிக்கற ஹெட்டுல பச்சைத் தண்ணியை மொத்தமாக் கொட்டினா ஹெட் வெடிக்கும்.

மார்க்2_பீளமேடு

ரேடியேட்டர் ஒழுகினா மஞ்சள் தூள் போடற வைத்தியம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஊசித் துளைக்கு அது அடைக்கும், மறுக்கலை. ரெண்டு ஸ்பூனுக்கு மேல போகாதீங்க, வீட்டுக்கு வந்ததும் ரேடியேட்டர்ல தண்ணியை எதிர்ப்பக்கமா அடிச்சுக் கழுவிடுங்க. அப்படியே விட்டா குழாய்க்குள்ள படிஞ்சு அடுத்த வெயிலுக்கு இன்ஜின் சூடாகும்.

அப்புறம், தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியறது. அது சூட்டுக்கு மருந்து இல்லைங்க. நல்ல ரேடியேட்டர் இருந்தா தெர்மோஸ்டாட் திறந்ததும் தேவையான தண்ணி போயிடும். கழட்டினதுக்கு அப்புறம்தான் சூடு குறைஞ்சுதுன்னா, தெர்மோஸ்டாட் கெட்டிருந்துச்சு, புதுசு போடுங்க. கொதிக்கற தண்ணியில கயித்துல கட்டித் தொங்கவிட்டா திறக்குதான்னு வீட்லயே தெரிஞ்சுடும்.

ஹெரால்டு948

ஹெரால்டுக்காரங்களுக்கு மட்டும் ரெண்டு விஷயம், ரெண்டும் முக்கியம். நம்ம பெருங்களத்தூர்ல செஞ்ச வண்டி, வளையறதுல இதை அடிச்சுக்க ஆளில்லை. 25 அடியில திரும்பிடும், மத்தவங்க கஷ்டப்படற கொண்டை ஊசியில ஒரே வீச்சுல போகும். ஆனா பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், ரெண்டு பக்கமும் தனித்தனியா மேல கீழ ஆடும். இறக்கத்துல வளைவுக்குள்ள வேகமாப் போய், பயந்து சட்டுனு ஆக்ஸிலேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்க வீல் அடியில மடங்கும், பின்பக்கம் சறுக்கிடும். வேகத்தை நேர்ல இருக்கும்போதே குறைங்க, வளைவுக்குள்ள லேசா ஆக்ஸிலேட்டர் இருக்கட்டும். பின் டயர்ல காத்து முன்னதை விடக் கூட இருக்கணும். ஹெரால்டுக்கு அப்புறம் வந்த ஸ்டாண்டர்டு கெசல் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தப் பயம் இல்லை, அதுக்கு நேர் ஆக்ஸில்.

ரெண்டாவது, முன் வீலோட கீழ் ட்ரன்னியன். பித்தளைக் கட்டை, அதுக்குள்ள வெர்ட்டிகல் லிங்க்கோட (முன் வீலைத் தாங்கற செங்குத்துத் துண்டு) மரை இறங்கும். ஸ்டியரிங் திருப்பற ஒவ்வொரு தடவையும் இந்த மரைதான் சுத்துது. இதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரையோட அடி வரைக்கும் இறங்காம மேலயே கெட்டியாகிடும், கீழ தண்ணி தங்கித் துரு ஏறும். அப்புறம் ஒரு நாள் வெர்ட்டிகல் லிங்க் மரைக்கிட்ட முறிஞ்சு வீல் உள்ள மடங்கும். மெதுவான வேகத்துல ஸ்டியரிங் முழுசாத் திரும்பியிருக்கும்போதுதான் பெரும்பாலும் முறியும். கொண்டை ஊசி வளைவுன்னா அதேதான்.

புதுசு_உடுமலை

பல ஒர்க்‌ஷாப்ல எல்லாத்துக்கும் ஒரே கிரீஸ் கன்தான். ஏற்கெனவே கிரீஸ் அடிச்சிருந்தா?

ஹெரால்டு948

வண்டியை ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு போட்டு வீலைத் தொங்க விடுங்க. ட்ரன்னியன்ல இருக்கற சின்ன பிளக்கைக் கழட்டிட்டு நிப்பிள் மாட்டுங்க. கிரீஸ் கன்னைச் சுத்தமாக் கழுவி அதுல கியர் ஆயிலை ஊத்தி அடிங்க. முதல்ல பழைய கிரீஸ் கறுப்பா மேல் சீல் வழியா வரும். ஒருத்தர் ஸ்டியரிங்கை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் திருப்பிட்டே இருக்கட்டும். சுத்தமான ஆயில் வர்ற வரைக்கும் விடாதீங்க. எதுவுமே மேல வரலைன்னா உள்ள அடைச்சிருக்கு, கழட்டித்தான் ஆகணும். கழட்டினா மரையில துரு குழி இருக்கான்னு பாருங்க, இருந்தா வெர்ட்டிகல் லிங்க்கை மறுபடி போடாதீங்க. இடது, வலது மரை எதிரெதிர் திசை, மாத்தி வாங்கிடாதீங்க. ஆயில் கொஞ்சம் வடிஞ்சு வீல் உள்பக்கம் நனையும், பிரேக் தட்டுல படாம துடைச்சுக்கங்க.

மைனருக்கும் ட்ரன்னியன் இருக்கு, அதுக்கு கிரீஸ்தான். ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

மைனர்1000

ஆமாங்க, மைனருக்கு கிரீஸ், அதுவும் பாரத்தை இறக்கி வீல் தொங்கும்போது அடிச்சாத்தான் உள்ள போகும். மைனரோட பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில தரைக்குக் கீழ இருக்கறதால ஆயில் லெவலை யாரும் பார்க்கறதில்லை. கார்ப்பெட்டைத் தூக்கி மூடியைத் திறந்து பாருங்க. திறக்கறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற மண்ணைத் துடைச்சுடுங்க.

டைனமோ வண்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஐடில்ல டைனமோ சார்ஜ் ஏத்தாது. பனிமூட்டத்துல ஹெட்லைட், வைப்பர் ரெண்டும் போட்டு ஊர்ந்தா பதினஞ்சு ஆம்பியர் பக்கம் போகும், முழுக்க பேட்டரியில இருந்து. அந்த மாதிரி இடத்துல ஒரு கியர் குறைச்சு இன்ஜினைக் கொஞ்சம் வேகமா ஓட விடுங்க. டேஷ்போர்டுல இருக்கற செவப்பு விளக்கு அணைஞ்சா சார்ஜ் ஏறுது.

பத்மினி_பொள்ளாச்சி

பேப்பர் விஷயம் சுருக்கமா. வால்பாறைக்கும் இப்போ இ-பாஸ் இருக்குங்க, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி. ஒவ்வொரு வண்டிக்கும் தனியா எடுக்கணும். தூக்கி எறியற பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ரேடியேட்டர் தண்ணியைக் கேன்ல கொண்டு வாங்க.

2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டி, அசல் நிலையில இருக்கற வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ணி நம்பர்ல "விஏ" வாங்கினவங்க, அதை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரி வேலைக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். கிளப் ட்ரிப்புக்கான கடிதத்தை ஆர்.சி.யோட வெச்சுக்கங்க. மத்தவங்க ஆர்.சி. புதுப்பிச்ச தேதி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூணையும் இப்பவே பாருங்க.

ஆனைமலை மாசாணியம்மன் கோயில் பக்கம் அமாவாசையன்னிக்கு ரோடு நகராது. நாள் குறிக்கும்போது காலண்டரைப் பார்த்துக்கங்க.

மார்க்2_பீளமேடு

எல்லாத்தையும் பார்த்து ஏற்பாட்டை மாத்தியிருக்கேன்.

சனி காலை 5 மணிக்குக் கிளம்பறோம். பொள்ளாச்சியில டிபன் அரை மணி நேரம்தான். 8 மணிக்கு ஆழியாறு, அங்க ஒவ்வொருத்தரும் தண்ணி, ஆயில், பிரேக் ஆயில், டயர் பார்க்கணும். மோரிஸ் 8 முன்னால, அப்புறம் மைனர், ஹெரால்டு ரெண்டு, ஃபியட், கடைசியா அம்பாசடர்கள். நாலு நாலு வண்டியா பிரிஞ்சு, குழுவுக்கு நடுவுல அஞ்சு நிமிஷம். அப்பத்தான் பஸ்சும் ஜீப்பும் நம்மைத் தாண்டிப் போக முடியும். மேல ஏறற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்கும்போது நாமதான் ஒதுங்கணும்.

முதல் நிறுத்தம் 9வது வளைவு, லோம்ஸ் வியூ. கீழ ஆழியாறு அணை முழுசாத் தெரியும், பாறையில வரையாடும் நிக்கும். பத்து நிமிஷம் பானட் திறந்து வெச்சுடுங்க. வரையாட்டுக்கும் குரங்குக்கும் எதுவும் கொடுக்காதீங்க. ரெண்டாவது நிறுத்தம் அட்டகட்டி. வளைவுக்குள்ள யாரும் எதுக்காகவும் நிறுத்தக் கூடாது, நின்னுபோச்சுன்னா கட்டை வெச்சுட்டு முக்கோணப் பலகையை மேலயும் கீழயும் ஒண்ணொண்ணு.

செல்போன் சிக்னல் பல இடத்துல இருக்காது. அதனால ரூட் ஷீட் அச்சடிச்சுத் தர்றேன், மைல் மீட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு மைல் கணக்கும் பக்கத்துல இருக்கும். சிங்கை_ட்யூனர் கடைசி வண்டி, இழுவைக் கயிறு, தீயணைப்பான், பெரிய டூல் பெட்டி அவர்கிட்ட.

ஒவ்வொரு வண்டியிலயும் இருக்க வேண்டியது: ஃபேன் பெல்ட், மேல் கீழ் ஹோஸ், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், ரெண்டு பிளக், ஃபீலர் கேஜ், டயஃப்ரம் கிட், பிரேக் ஆயில் அரை லிட்டர், 20டபிள்யூ-50 ஆயில் 1 லிட்டர், தண்ணி 10 லிட்டர், ட்யூப் ஒண்ணு, மரக்கட்டை ரெண்டு. டயர் பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்கம் அது தயாரான வாரமும் வருஷமும். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருஷம் தாண்டின டயரோட வர வேண்டாம், ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான்.

ஞாயிறு சோலையாறு ஓட்டத்தை எடுத்துட்டேன். டிபன் முடிஞ்சு 9 மணிக்கே இறங்கறோம், மதியச் சாப்பாடு ஆழியாறுல. சோலையாறு பார்க்கணும்கறவங்க சனிக்கிழமை மதியம் போயிட்டு 5 மணிக்குள்ள வால்பாறைக்குத் திரும்பிடணும்.

ட்ரிப்புக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலை 7 மணிக்கு எல்லா வண்டியும் செக்கிங்குக்கு வரணும். நாலு டிரம்மும் கழட்டிப் பார்த்தாச்சுன்னு சொல்ல முடியாத வண்டியும், ஹெரால்டுல ட்ரன்னியனுக்கு ஆயில் அடிக்காததும் ஆழியாறு வரைக்கும் வரலாம், அங்கிருந்து அவங்களுக்கு வேற வண்டியில சீட் இருக்கு. புதுசு_உடுமலை, கியர் ராடு புஷ் மாத்திட்டு வாங்க. டபுள் கிளட்ச் அன்னிக்கு மைதானத்துலயே மைனர் அண்ணா பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தருவார்.